எழுந்து நின்றால் போதுமா?

சங்கரன்கோவில் வட்டாரக் கிராமங்களில் கோயில் கொடை என்றால் கபடிப் போட்டியும் இருக்கும். பாடிச் செல்பவரின் நெற்றி, பிடிப்பவரின் முழங்காலில் மோதுகிறது, ஆள் விழுகிறார். முகத்தில் தண்ணீர் தெளித்து, கையில் ஒரு சோடாவைக் கொடுப்பார்கள். எழுந்து நின்றதும் "ஒண்ணுமில்லை, ஆடட்டும்" என்று தீர்ப்பாகிவிடும். அப்படிச் சொல்பவர்களை மட்டும் குறை கூறுவதற்கில்லை. செய்திகளில் அவர்கள் படிப்பதும் கேட்பதும் பெரும்பாலும் அதுவே.

2020 டிசம்பர் 4 அன்று கான்பெராவில் நடந்த இருபது ஓவர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். கடைசி ஓவரில் மிட்செல் ஸ்டார்க் வீசிய பந்து ரவீந்திர ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. அவர் தொடர்ந்து ஆடி, 44 ரன்னுடன் ஆட்டமிழக்காமல் திரும்பினார். இடைவேளையில் மருத்துவக் குழு பரிசோதித்து, மூளையதிர்ச்சி என்று முடிவு செய்தது. பதிலாள் விதிப்படி (இது 2019 ஆகஸ்டில் வந்தது) சாஹல் இறங்கி மூன்று விக்கெட் எடுத்தார், இந்தியா வென்றது. உடனே எழுந்தது வாதம்: "அடிபட்ட பின்னும் ஆடினாரே, பிறகென்ன மூளையதிர்ச்சி?"

ஜடேஜாவுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவரைப் பரிசோதித்த மருத்துவரே அறிவார். ஆனால் அந்த வாதம் தவறானது. ஏன் என்று பார்ப்போம்.

நம் மூளையின் எடை சுமார் 1,400 கிராம். அது மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதக்கிறது. ஓடும் பேருந்து சட்டென நின்றால் நாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? தலை சட்டென நின்றாலோ திரும்பினாலோ உள்ளே மூளையும் அப்படியே குலுங்குகிறது. மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேற, கால்சியம் உள்ளே புகுகிறது. இதைச் சரிசெய்யச் செல்கள் ஏராளமான ஆற்றலைச் செலவிடுகின்றன. தலைவலி, மயக்கம், குமட்டல், மறதி எல்லாம் சில நிமிடங்களில் வரலாம். சில மணி நேரம் கழித்தும் வரலாம். பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதே இல்லை. ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்குமே தவிர, குலுங்கலைத் தடுத்துவிடாது.

"ஸ்கேன் நன்றாக இருக்கிறது, ஒன்றுமில்லை" என்ற செய்தியும் பாதி உண்மைதான். சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவையும் இரத்தக் கசிவையும் காட்டும். செல்லுக்குள் நடக்கும் இந்த வேதிக் குழப்பம் அதில் தெரியாது.

இரத்தக் கசிவு இன்னும் கொடியது. 1998 பிப்ரவரி 20 அன்று டாக்காவில், ஹெல்மெட் இல்லாமல் மட்டையாளருக்கு மிக அருகில் நின்றிருந்த ராமன் லாம்பாவின் தலையில் பந்து பட்டது. அவர் எழுந்து நடந்தே வெளியேறினார். மூன்றாம் நாள் இறந்துபோனார். வயது 38.

இன்னொன்று: சரியாக இருந்த செய்தியும் பழையதாகிவிடும். வலி முற்றும் நீங்கும்வரை இருட்டறையில் படுத்திருக்கச் சொன்ன காலம் உண்டு. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர்கள், முதல் ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் மெதுவாக நடப்பது நல்லது என்றார்கள். ஆகவே கைப்பேசியில் ஓர் அறிவுரை வந்தால் சொன்னவர் யார் என்பதோடு, எந்த ஆண்டில் சொன்னது என்றும் பாருங்கள்.

வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கை கால் தளர்ச்சி, எழுப்ப முடியாத உறக்கம் — இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். அவை இல்லாவிட்டால், மைதானத்திலேயே கேட்கச் சில கேள்விகள் உண்டு: இது எந்த ஊர்? நடப்பது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசிப் புள்ளி எடுத்தது யார்? போன ஆட்டம் யாருடன்? அதில் ஜெயித்தோமா? ஒன்றில் தடுமாறினாலும் மூளையதிர்ச்சி என்றே கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும், தலை சுற்றுகிறது என்று ஆட்டக்காரர் சொன்னால் அன்றைக்கு அவர் மீண்டும் கோட்டுக்குள் இறங்கக் கூடாது; மருத்துவரைப் பார்க்க வேண்டும்.