ஆள்காட்டிவிரலுக்கு 14

பவர் பிரஸ் ஓட்டும் தொழிலாளி ஒருவருக்கு ஆள்காட்டிவிரல் முழுதும் துண்டாகிவிடுகிறது. நாள் கூலி சராசரி 500 ரூபாய், தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் பெயர் இருக்கிறது. காயம் ஆறி வேலைக்குத் திரும்பும்வரை கூலியில் 90 சதவீதம், அதாவது நாளுக்கு 450 ரூபாய், தற்காலிக ஊனத்துக்கான தொகையாக அவருக்கு வரும். விபத்து நாளைத் தவிர்த்துக் குறைந்தது மூன்று நாள் வேலை செய்ய முடியாமல் இருந்தால் போதும். இத்தனை நாளோடு சரி என்ற வரம்பு இல்லை. காய்ச்சலோ மஞ்சள்காமாலையோ வந்து படுத்தால் கிடைப்பது 70 சதவீதம்தான். அதற்கும் ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலையில் நேரும் விபத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே கை நசுங்கினாலும் உரிமை உண்டு. இதுவரை தாராளமான ஏற்பாடுதான்.

காயம் ஆறிய பிறகுதான் சிக்கல். நிரந்தர ஊனத்தை மெடிக்கல் போர்டு மதிப்பிடும். 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சதவீதம் எழுதி வைத்தது: கட்டைவிரலுக்கு 30, ஆள்காட்டிவிரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, சுண்டுவிரலுக்கு 7. நம் தொழிலாளியின் 450 ரூபாயில் 14 சதவீதம் 63 ரூபாய். மாதத்துக்குச் சுமார் 1,890. அது ஆயுள் முழுதும் வரும். அட்டவணை இந்த எண்ணைச் ‘சம்பாதிக்கும் திறன் இழப்பு’ என்றுதான் அழைக்கிறது. ஆனால் இழந்தவர் என்ன தொழில் செய்தார் என்று அது கேட்பதே இல்லை. துணியை ஊசிக்கு நேராகப் பிடித்துக் கொடுக்கும் தையல்காரருக்கும், வாசலில் நிற்கும் காவலாளிக்கும் ஆள்காட்டிவிரல் 14தான். எண் அளப்பது சதையையும் எலும்பையும், பெயரோ சம்பாத்தியத்துடையது. இந்த இடைவெளியை அடைக்காதவரை கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் நியாயமாகாது.

நீதிமன்றம் இதை எப்போதோ பார்த்துவிட்டது. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீனிவாச சபதா வழக்கில் ஒரு தச்சர் இடக்கையை முழங்கைக்கு மேலே இழந்திருந்தார். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின்படி அது பகுதி ஊனம்தானே என்று முதலாளி வாதாடினார். ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனமே என்ற முடிவை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. விபத்து நேர்ந்தபோது ஒருவர் செய்யக்கூடியதாயிருந்த வேலைகள் அனைத்தையும் செய்ய இயலாமல் போவதே முழு ஊனம் என்று அந்தச் சட்டமே சொன்னது, ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் வாசகம் ஏறக்குறைய இதுவாகவே இருந்தது. வழி ஏற்கனவே இருக்கிறது, நடப்பவர்கள்தான் குறைவு.

அட்டவணையை ஆதரிப்பவர்களிடம் வலுவான பதில் ஒன்று உண்டு. எண் நிலையாக இருப்பதால்தான் முடிவு விரைவாகிறது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவரும் அதே 14ஐப் பெறுகிறார். பழைய வேலைக்கே அதே கூலிக்குத் திரும்பினாலும் தொகை நிற்பதில்லை. வேறோர் ஒப்பீடும் அவர்களுக்குச் சாதகம்தான். ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே, இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ், 30 வயதில், மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஒருவர் இதே விரலை இழந்தால், கூலியில் 60 சதவீதத்தை அவர் வயதுக்குரிய காரணியான 207.98ஆல் பெருக்கி, அதில் 14 சதவீதம் தருவார்கள்: ஏறத்தாழ 2,62,000 ரூபாய், ஒரே தடவையாக. மாதம் 1,890 ரூபாய் வீதம் பதினோராம் ஆண்டைத் தாண்டி, பன்னிரண்டாம் ஆண்டுக்குள் ஈ.எஸ்.ஐ. அதை எட்டிப் பிடித்துவிடும். மொத்தப் பணமோ கடன்காரர் வாசலோடு தீர்ந்துபோகலாம். இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். அட்டவணையைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. அதைத் தரையாக வைத்துக்கொள்ளலாம். தொழிலைப் பார்த்து அதற்கு மேல் ஏற்ற போர்டு தயங்கக் கூடாது என்பதே வாதம். ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர் இழப்பீட்டுச் சட்டத்தின் பக்கம் போகவும் தடை இருக்கும்போது, போர்டின் எண்ணே அவருக்குப் பெரும்பாலும் கடைசி எண். முடிவு பிடிக்காவிட்டால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் ஈ.எஸ்.ஐ. நீதிமன்றமும் உண்டு என்பதைப் போர்டு அறையிலேயே எழுத்தில் தந்தால் என்ன குறைந்துவிடும்?

சதவீதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. பெருக்கப்படும் கூலியை யாரும் பார்ப்பதில்லை. 2019 ஜூலை முதல் ஈ.எஸ்.ஐ. சந்தாவாகக் கூலியில் முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிறார்கள். 15,000 ரூபாய்க் கூலியை 10,000 என்று பதிவேட்டில் காட்டினால் முதலாளிக்கு மாதம் 162 ரூபாய் 50 காசு மிச்சம். தொழிலாளிக்கும் 37 ரூபாய் 50 காசு மிச்சம், அதனால் அவரும் வாய் திறப்பதில்லை. அதே ஆள்காட்டிவிரலுக்கு அப்போது வருவது நாளுக்கு 42 ரூபாய். மாதம் 630 ரூபாய் குறைகிறது, ஆயுள் முழுதும்.