முகாம் வேலியைக் கடந்து ஓடும் நீர்

இராணுவ முகாம் என்றதும் எமது மனக்கண்முன் தோன்றுவன காவலரண்களும் ஆயுதங்களுமே. ஆனால் பெருந்தொகையானோர் தங்கி, உண்டு, குளித்து, உறங்கும் முகாமொன்று உண்மையில் ஒரு சிறு நகரமாகும். நகரத்துக்குரிய மின்சாரத் தேவையும் நீர்த் தேவையும் குப்பைப் பிரச்சினையும் அதற்கும் உண்டு.

1956 இல் உருவாக்கப்பட்ட சிங்க படையணியின் தலைமையகம் கேகாலை மாவட்டத்தின் அம்பேபுஸ்ஸவிலும், 1962 இல் உருவாக்கப்பட்ட கெமுனு ஹேவா படையணியின் தலைமையகம் இரத்தினபுரி மாவட்டத்தின் குருவிட்டவிலும் அமைந்துள்ளன. இறப்பர், தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மாவட்டங்கள் இவை. லயன் குடியிருப்புகளில் வாழ்வோர் பலர் இன்றும் ஊற்றையும் ஓடையையும் கிணற்றையுமே நம்பியுள்ளனர். மேட்டிலுள்ள எந்த நிறுவனத்தினதும் கழிவுநீர், பள்ளத்தில் வாழ்பவரின் குடிநீரைப் பாதிக்கக்கூடியது.

முகாமுக்குள் நிகழ்வது வேலியோடு நின்றுவிடுவதில்லை என்பதைச் சப்ரகமுவவின் எல்லைக்கு அண்மையிலுள்ள கொஸ்கம சாலாவ உணர்த்தியது. 2016 ஜூன் 5 ஆம் திகதி அங்கு ஆயுதக் களஞ்சியம் வெடித்தபோது அயலிலிருந்த வீடுகள் சேதமடைந்ததோடு, கிணற்று நீரும் சந்தேகத்துக்குரியதாயிற்று.

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை பெய்கிறது. இதன்படி 1,000 சதுர மீற்றர் கூரையொன்றில் விழும் நீர் ஏறத்தாழ 35 இலட்சம் லீற்றராகும். அதில் ஒரு பகுதியைத் தேக்கினாலும் கழுவுவதற்கும் மலசலகூடத்துக்கும் ஓடைநீரை எடுக்க வேண்டியதில்லை. ஓடும் நதியருகே இருப்பினும் நீரை விரயஞ் செய்யலாகாது என்ற இஸ்லாமியப் போதனை மழைவளமுள்ள இம்மண்ணுக்கும் பொருந்தும்.

சமையலறைக் கழிவை உயிர்வாயுக் கலனில் இட்டால் அடுப்புக்கு எரிவாயுவும் பயிருக்குப் பசளையும் கிடைக்கும். குப்பையை ஓரிடத்தில் குவிப்பதன் விளைவை 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி மீதொட்டமுல்லையில் கண்டோம்.

2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த நாடு இது. 2016 இல் ஆரம்பமான சூரியபல சங்கிராமத் திட்டம் கூரைகளில் மின்னுற்பத்தி செய்ய வழிவகுத்தது. முகாம்களின் அகன்ற கூரைகள் இதற்கு ஏற்றவை. எனினும் தென்மேல் பருவமழைக் காலத்தில் உற்பத்தி குறையுமாதலால், விரயத்தைத் தவிர்ப்பதே முதற்படியாக வேண்டும்.

அமெரிக்க இராணுவம் 2011 இல் சக்தி, நீர், கழிவு ஆகிய மூன்றிலும் நிகரப் பூச்சிய இலக்கை அறிவித்து, மூன்றுக்குமான முன்னோடி முகாம்களாக போர்ட் பிளிஸ், போர்ட் கார்சன் ஆகியவற்றைத் தெரிவுசெய்தது. அதே இராணுவம் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குப்பையைத் திறந்த குழிகளில் எரித்தது. அப்புகையால் நோயுற்ற தன் வீரர்களுக்காக 2022 இல் அந்நாடு தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. கழிவை முறையாக அகற்றாவிடின் முதலில் பாதிக்கப்படுவோர் முகாமில் இருப்பவர்களே என்பதற்கு இது சான்றாகும்.

இராணுவத்தினரின் தொகையை 2030 இல் ஓர் இலட்சமாகக் குறைப்பதாக அரசாங்கம் 2023 ஜனவரியில் அறிவித்தது. எனவே எதிர்காலத் தேவைக்கேற்பவே இவ்வசதிகள் திட்டமிடப்பட வேண்டும்.

வெள்ளத்திலும் மண்சரிவிலும் சப்ரகமுவ மக்களை மீட்க முதலில் வருவோர் படையினரே. 2016 இல் அரநாயக்கவிலும் இதனைக் கண்டோம். அதே மக்களின் நீரைக் காப்பதும் அப்பணியின் தொடர்ச்சியே. இறப்பர் தொழிற்சாலையின் கழிவுநீருக்கு ஓர் அளவுகோல் உண்டெனில், அது முகாமுக்கும் பொருந்த வேண்டும். முகாம்களைச் சூழவுள்ள ஓடைகளினதும் கிணறுகளினதும் நீரைக் காலத்துக்குக் காலம் பரிசோதித்து, முடிவுகளைத் தோட்ட மக்களுக்கு அவர்களது மொழியிலேயே வெளியிட உரிய அதிகாரிகள் முன்வர வேண்டும். பாதுகாப்பு இரகசியம் ஆயுதங்களுக்கு இருக்கலாம். குடிநீருக்கு இருத்தலாகாது என்பதே எமது நிலைப்பாடு.