குத்தல் பேச்சு

குத்தல் பேச்சு என்பது, சொற்களின் நேர்ப்பொருளுக்கு மாறான பொருளைக் கேட்பவர் உணரும்படி பேசி ஒருவரைக் குறை கூறுவதாகும். நக்கல், நையாண்டி, எகத்தாளம் ஆகியவை இதற்கு நெருங்கிய வழக்குச் சொற்கள். தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள். பழியை மறைத்துச் சொல்வது பழிகரப்பு. குத்தல் பேச்சு இரண்டாவதன் உறவு. அதியமானின் தூதராகச் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் மாலையும் நெய்ப்பூச்சுமாக அழகாக இருப்பதாகவும், தம் மன்னனுடையவை முனை முறிந்து கொல்லன் உலையில் கிடப்பதாகவும் பாடியது (புறநானூறு 95) இதற்குப் பழைய சான்று. போரே காணாத ஆயுதங்கள் என்பதே அப்புகழ்ச்சியின் உட்பொருள்.

குத்தலைச் சொல்லில் மட்டும் தேடினால் கிடைக்காது. 1877இல் ஊட்டிக்கு வந்த வைஸ்ராய் லிட்டன் பிரபு, அங்கு பெய்த மழையையும் சாலைச் சேற்றையும்கூட இங்கிலாந்தினுடையவை என்று மனைவிக்கு எழுதிய கடிதத்தில் புகழ்ந்தார். அது தாய்நாட்டை நினைத்து மகிழ்ந்து எழுதியது. இன்று அதே சேற்றில் வண்டி சிக்கிக்கொண்ட பயணி ஒருவர் "ஆகா, என்ன அருமையான சேறு!" என்றால் அது நக்கல். லிட்டன் எழுதிய காலத்தில் சென்னை மாகாணத்தின் சமவெளிகள் மழை பொய்த்துப் பெரும்பஞ்சத்தில் (1876–78) வாடிக்கொண்டிருந்தன. எனவே இன்று படிப்பவருக்கு அந்த மழைப் புகழ்ச்சி கசக்கிறது. ஆனால் இதைக் குத்தல் என்று சொல்ல முடியாது. முரண்நகை என்பதே சரி. குத்துகிற எண்ணம் பேசுபவரிடம் இருந்தாக வேண்டும்.

ஆங்கிலத்தில் பெரும்பாலும் குரலின் ஏற்ற இறக்கமே குத்தலைக் காட்டிக்கொடுக்கும். தமிழில் அதோடு மரியாதையும் சேர்கிறது. "வா" என்று அழைக்க வேண்டியவரை "வாங்க சார்" என்று அழைத்தாலே போதும். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் மேலாளரைத் 'துரை' என்பது பழைய வழக்கம். தாமதமாக வரும் சக தொழிலாளியைப் பார்த்து "துரை வந்துட்டாரு" என்றால் எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார்.

அதையே மேலே இருப்பவர் சொல்லும்போது நிலைமை மாறுகிறது. கூடை பாதியே நிறைந்த பெண்ணிடம் மேஸ்திரி, "அம்மணி இன்னிக்குத் தோட்டத்தையே பறிச்சுட்டீங்க போல" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் காய்ச்சலாக இருக்கலாம். திருப்பிச் சொல்லவும் இயலாது, கொழுந்தை எடை போடுபவர் மேஸ்திரிதானே. யாராவது தட்டிக் கேட்டாலும், "மரியாதையாத்தானே பேசினேன்" என்று அவர் நழுவிவிடலாம். இந்த நழுவலுக்கு இடம் இருப்பதால்தான் தொழிலாளர்களும் மேஸ்திரி கடந்து போனதும் "நல்ல மனுஷன்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்ள முடிகிறது. அந்தக் 'நல்ல'வை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். புதிதாக வேலைக்கு வந்தவர் மட்டும் ஆமோதித்துத் தலையாட்டுவார்.