காலண்டர் தாளின் பின்பக்கம்

காலையில் எழுந்ததும் சுவரில் தொங்கும் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிக்கிறோமே, அந்தத் தாளை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ராசி பலனை இன்னொரு தரம் பார்ப்பீர்கள். (நேற்று என் ராசிக்குத் 'தனலாபம்' என்று போட்டிருந்தது. வந்தது என்னவோ மின்சார பில்தான்!) பிறகு கசக்கிக் குப்பைக் கூடையில் போடுவீர்கள். கொஞ்சம் சிக்கனக்காரியாக இருந்தால் கோவில் குங்குமம் மடிப்பதற்கும் பால் கணக்கு எழுதுவதற்கும் எடுத்து வைப்பீர்கள்.

எங்கள் வீட்டில் அதற்கு வேறொரு உபயோகம் இருந்தது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் கற்பித்தவர். 2009-ல் ஓய்வு பெற்றார். அதற்கு மறுநாளிலிருந்து, கிழித்த தாளின் பின்பக்கத்தில் தினம் ஒரு வரி எழுத ஆரம்பித்தார். ஒரே ஒரு வரிதான்.

"ஒரு டயரி வாங்கிக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டேன்.

"டயரி வாங்கினால் பெரிய விஷயமாக எழுத வேண்டியிருக்கும். எனக்கு அவ்வளவு பெரிய விஷயம் தினம் எங்கே நடக்கிறது?" என்றார்.

அப்படி என்னதான் எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தால், 'முதல் குயில். காலை 5-20' என்று இருக்கும். கேஸ் தீர்ந்த தேதியை எழுதி வைத்தாலாவது வீட்டுக்கு ஆகும்! தலையில் அடித்துக்கொண்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவேன்.

2018-ல் அவர் காலமானார்.

பெண் டில்லியில், பிள்ளை பெங்களூரில். மாம்பலம் பிளாட்டில் நான் ஒருத்தி. அடுத்த வருஷம் கடைக்காரர் கொடுத்த புதுக் காலண்டரை நான் பிரிக்கவே இல்லை. மாவடுவும் போடவில்லை. ஒருத்திக்காக ஒரு ஜாடி எதற்கு? சகோதரிகளே, இந்த 'ஒருத்திக்காக எதற்கு' இருக்கிறதே, மிகவும் பொல்லாத வார்த்தை. முதலில் ஊறுகாயில் ஆரம்பிக்கும். பிறகு வாசல் கோலத்துக்கு வரும். அப்புறம் கறிக்கு, ரசத்துக்கு. கடைசியில் மோரும் சாதமும் மட்டும் மிஞ்சும். அதையும் நின்றுகொண்டே சாப்பிட்டுவிடலாம் என்று தோன்றும். இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு நான் சொல்வது நன்றாகவே தெரிந்திருக்கும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததல்லவா? அப்போது செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல் பரணை ஒழித்தேன். ஒரு பழைய பிஸ்கட் டின் அகப்பட்டது. உள்ளே காலண்டர் தாள்கள்! வருஷத்துக்கு ஒரு கட்டாக, ரப்பர் பாண்டு போட்டுப் பத்துக் கட்டுகள். ரப்பர் பாண்டு தொட்டதும் பொடிந்தது.

தரையில் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. நான் நினைத்ததுபோல் அது கண்டதைக் கிறுக்கிய விஷயம் அல்ல. ஒவ்வொரு வருஷமும் அதே வாரத்தில் அதே விருந்தாளியை அவர் வாசலில் காத்திருந்து வரவேற்றிருக்கிறார். வெயில் தொடங்கும்போது குயில். 'கூவுவது ஆண். பெண் குயில் புள்ளி போட்ட புடவைக்காரி; காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுவாள்' என்று ஒரு தாளில். அதன் கீழேயே, 'ஆக, காக்கைக்கு இவள் வைக்கும் சோற்றில் வளர்ந்த பாட்டு!' என்று இருந்தது. இத்தனை வருஷம் கழித்து எனக்குச் சிரிப்பு வந்தது.

மே மாதத் தாள்களில் கடற்காற்று. நம் சென்னையில் கோடை மத்தியானம் கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது என்பதுதான் அன்றைக்கு நாம் வேகப்போகிறோமா, பிழைக்கப்போகிறோமா என்பதைத் தீர்மானிக்கிறது. தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். தரைமேல் உள்ள காற்று சூட்டில் மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று வருகிறது. மேற்குக் காற்று பலமாக அடித்தால் அதை உள்ளே விடாது. ஜன்னல் திரை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்தே நேரம் குறித்து வைத்திருக்கிறார்.

ஐப்பசித் தாள்களில் மண்வாசனை. அந்த வாசனைக்கு 1964-ல் இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தார்களாம். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற பொருள் அதில் ஒரு பங்கு. உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்ற ஊரில் சுட்ட மண்ணிலிருந்து அதே வாசனையை அத்தராக வடித்து விற்கிறார்கள். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வாசலிலேயே இனாம். ஆனால் மழை வந்ததும் நான் என்ன செய்திருக்கிறேன் தெரியுமா? கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடியிருக்கிறேன். துணி நனையாமல் காப்பாற்றியதற்காக நான் வருத்தப்படவில்லை. திரும்பி வரும்போது ஒரு நிமிஷம் நின்றிருக்கலாம், அவ்வளவுதான்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

ஒவ்வொரு கட்டிலும் ஏப்ரல் 24-ஆம் தேதித் தாள் இருந்தது. 2010: 'நிழல் விழவில்லை. அவள் வரவில்லை. வடாம் பிழிந்த அசதி.' 2011: 'நிழல் விழவில்லை. அவள் வரவில்லை. விருந்தாளிகள்.' 2014: 'மேகம்.' 2017: 'நிழல் விழவில்லை. அவளுக்கு முழங்கால் வலி. அடுத்த வருஷம் அழைத்து வர வேண்டும்.' 2018-ஆம் வருஷத்துக் கட்டில் ஏப்ரல் இல்லை.

வருஷா வருஷம் அன்றைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவர் என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிடுவார். அதுவும் சும்மா அல்ல. என்னுடைய பித்தளைக் காப்பி ஃபில்டரின் அடிப்பாகத்தைத் தூக்கிக்கொண்டு! "காப்பிப் பொடி வாசனை போகாத பாத்திரத்தை வெயிலில் வைத்து என்ன ஆராய்ச்சி? எனக்கு வேலை தலைக்கு மேலே கிடக்கிறது" என்பேன். "ஒரு நிமிஷம்தான்" என்பார். நான் போனதே இல்லை.

அந்தத் தாள்களைப் படித்தது 2020 ஏப்ரல் 22. இரண்டு நாள் பொறுத்து, ஃபில்டரைக் கழுவி எடுத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினேன். கால் பொசுக்கியது. சமதரையாகப் பார்த்து ஃபில்டரை நிற்க வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு மெல்லிசாக ஒரு நிழல், நகத்தை வெட்டிப் போட்டாற்போல, மேற்கே ஒட்டிக்கொண்டிருந்தது. அது உள்ளே உள்ளே போயிற்று. பன்னிரண்டு ஏழுக்கு, நிழல் எங்கேயும் இல்லை. பித்தளையைச் சுற்றி வெயில்தான்.

"என்ன மாமி, காப்பி ஃபில்டருக்கு வெயில் காட்டறீங்களா?" என்று குரல் கேட்டது. கீழ் வீட்டு மருமகள், துணி உலர்த்த வந்தவள். பின்னாலேயே அவளுடைய ஏழு வயசுப் பிள்ளை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். சூரியன் நேர் உச்சிக்கு வருவது கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் இருக்கும் ஊர்களில்தான். அங்கேயும் வருஷத்தில் இரண்டே தடவை. டில்லியில் இருக்கும் என் பெண்ணுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. பையன் விறைப்பாக நின்று குனிந்து பார்த்து, "அம்மா, என் நிழல் காலுக்கு அடியில் போயிடுச்சு!" என்று கூவினான்.

நீங்களும் பார்க்கலாம். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில். மதுரையில் சுமார் ஒரு வாரம் முன்னதாக. கன்னியாகுமரியில் அதற்கும் முன்னே, ஏப்ரல் 10, 11 தேதிகளில். தவறவிட்டால் சென்னைக்காரர்களுக்கு ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு சந்தர்ப்பம் உண்டு. ஆனால் ஆகஸ்டு மேகத்தை நம்ப முடியாது. நேராக நிற்கும் எந்தப் பாத்திரமும் போதும். செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள்.

மறு வருஷம் ஜாடியை இறக்கினேன். ஒரு கிலோ மாவடு, காம்போடு, உருண்டையாக, கெட்டியாகப் பார்த்து வாங்கி, அலம்பித் துணியில் ஈரம் போக உலர்த்தினேன். ஒரு கரண்டி விளக்கெண்ணெயில் புரட்டி, கல் உப்பு ஒரு பிடி, வடு ஒரு பிடி என்று அடுக்கினேன். ஒரு கிலோவுக்கு நூற்றைம்பது கிராம் உப்பு எங்கள் வீட்டுக் கணக்கு. தினம் காலையில் ஜாடியைக் குலுக்க வேண்டும். அவருடைய தாள் ஒன்றில் இருந்தது: 'மூன்றாம் நாள். ஜாடியில் தண்ணீர். நாம் ஒரு சொட்டும் ஊற்றவில்லை.' உப்பு காய்க்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது. அதனால்தான் வடு சுருங்குகிறது. நாற்பது வருஷம் வடு போட்டவள் நான். ஆனால் மூன்றாம் நாள் ஜாடியைத் திறந்து ஆச்சரியப்பட்டவர் அவர். பத்து நாளில் தோல் நன்றாகச் சுருங்கியதும், அந்த உப்புத் தண்ணீரையே விட்டு மிளகாய், கடுகு, மஞ்சள் அரைத்துக் கலந்தேன். பாதி ஜாடி கீழ் வீட்டுக்குப் போயிற்று. உப்பு தூக்கல் என்று அந்த மருமகள் முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்கு அவளைப் பிடிக்க அதுவும் ஒரு காரணம்.

இப்போது சுவரில் காலண்டர் இருக்கிறது. பிஸ்கட் டின்னில் என் கட்டுகளும் சேர்ந்திருக்கின்றன. எல்லா நாளும் எழுத முடிகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். சில தாள்களில் 'முழங்கால்' என்று மட்டும் இருக்கும். சிலது வெறுமையாகவே கிடக்கும். இன்று காலை கிழித்த தாளில் எழுதியிருப்பது இது:

'வாசலில் பவழமல்லி நாற்பத்திரண்டு. கீழ் வீட்டுப் பையன் நாற்பத்து மூன்று என்கிறான். நாளைக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ண வேண்டும்.'