கம்ப்யூட்டருக்குள் ஓர் அஞ்சறைப் பெட்டி!

உங்கள் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், பின்னணிக்கு வைத்திருக்கும் ஊட்டி ரோஜா முழுசாகத் தெரிகிறதா? தெரிந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை. ரோஜாவை மறைத்துக்கொண்டு ஐகான்கள் ரேஷன் கடை க்யூ மாதிரி நிற்கின்றனவா? உட்காருங்கள், பேசுவோம்.

க்யூவில் யார் யார் என்று ஒரு நோட்டம் விடலாம். 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் (2)', 'நியூ ஃபோல்டர் (3)'. அடுத்து பையனின் 'ரெஸ்யூமே ஃபைனல்'. பக்கத்திலேயே 'ரெஸ்யூமே ஃபைனல் ஃபைனல்'. அதற்கும் பிறகு 'இதுதான் ஃபைனல்'. கம்பெனிக்குப் போனது இந்த மூன்றில் எது? பையனுக்கே தெரியாது!

இதுவரை சிரிக்கலாம். ஆனால், ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், "இவருக்குப் போன வருஷம் எடுத்த ஈ.ஸி.ஜி. இருக்கா?" என்று டாக்டர் கேட்கும்போது சிரிப்பு வராது. ரிப்போர்ட் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது. எந்த இடத்தில் என்று தெரிந்த ஒரே ஆசாமி ஐ.ஸி.யு-வுக்குள் படுத்திருக்கிறார்!

அதனால் முதல் விதி இதுதான்: ஃபைல்களை அடுக்குவது, அடுக்குகிறவருக்காக அல்ல, தேடப்போகிறவருக்காக.

மேஜை வேறு, பீரோ வேறு

டெஸ்க்டாப், ஃபைல், ஃபோல்டர் எல்லாமே ஆபீஸ் சமாசாரங்கள். 1981-ல் ஜெராக்ஸ் கம்பெனி 'ஸ்டார்' என்ற கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஆபீஸ் மேஜையில் இருப்பவற்றைக் குட்டிக் குட்டிப் படங்களாகத் திரையில் வைத்தது. அந்த மேஜைதான் இன்றும் நம்மோடு இருக்கிறது. மேஜை, இன்றைக்குப் பார்க்கிற வேலைக்கான இடம். நாமோ அதையே பீரோவாகவும் பரணாகவும் ஆக்கிவிட்டோம்.

டாஸ் காலத்தில் ஒரு ஃபைலுக்குப் பெயர் வைக்க எட்டே எழுத்துதான். ஒரு புள்ளி வைத்து, பின்னால் வால் மாதிரி மூன்று எழுத்து. சுருக்கிச் சுருக்கி வைத்த பெயர், பத்து நாள் கழித்து வைத்தவருக்கே விளங்காது. 1995-ல் விண்டோஸ் 95 வந்து, 255 எழுத்துவரை வைத்துக்கொள்ளுங்கள் என்றது. இவ்வளவு தாராளம் கிடைத்தும், நாம் வைக்கிற பெயர் 'ஸ்கேன்0001'!

அஞ்சு அறை போதும்

கரண்ட் போன இருட்டிலும் பாட்டியின் கை நேராகக் கடுகுக்குப் போகும். என்ன ரகசியம்? அறைகள் குறைவு, இடம் மாறுவதில்லை. கம்ப்யூட்டருக்கும் அதே வைத்தியம்தான்.

1. அடையாளம்: ஆதார், பான், பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட்.

2. பணம்: பாங்க், இன்ஷூரன்ஸ், வருமான வரி, வீட்டுப் பத்திரம்.

3. உடம்பு: வீட்டில் ஆளுக்கு ஒரு ஃபோல்டர்.

4. வேலை, படிப்பு.

5. போட்டோ: வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர்.

ஆறாவதாக 'இதர' என்று ஒன்று ஆரம்பிக்கக் கை அரிக்கும். வேண்டாம்! ஆறே மாதத்தில் முதல் ஐந்தும் காலியாகி, எல்லாம் 'இதர'வில் இருக்கும். அதேபோல், ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர் என்று மூன்று படிக்குமேல் இறங்காதீர்கள். பாதாளக் கரண்டி தேவைப்படும்.

பெயரில் வருஷம் முதலில் வரட்டும். பிறகு மாதம், பிறகு தேதி. '2023-11-05 அப்பா ஈஸிஜி' என்கிற மாதிரி. கம்ப்யூட்டர் பெயர்களை இடது பக்கத்திலிருந்து ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறது. தேதியை முதலில் போட்டால், எல்லா மாதத்து அஞ்சாம் தேதிகளும் ஒரே இடத்தில் வந்து கும்மியடிக்கும். வருஷம் முன்னால் வந்தால் காலவரிசை தானாக அமையும். 1988-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேச விதியும் இதையேதான் சொல்கிறது.

"சர்ச் வசதி இருக்கும்போது இவ்வளவு ஏன் ஸார்?" என்பீர்கள். ஸ்கேன் செய்த பத்திரம் பெரும்பாலும் வெறும் படம். படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் வசதி இல்லாத இடத்தில், பெயரை வைத்துத்தான் தேட முடியும். 'ஸ்கேன்0001' என்று தேட யாருக்குத் தோன்றும்?

குட்மார்னிங் குப்பை

இந்தியாவில் போன்கள் ஏன் இப்படி நிரம்பி வழிகின்றன என்று கூகுள் ஆராய்ந்தபோது, முக்கியமான ஒரு குற்றவாளி சிக்கியதாக 2018 ஜனவரியில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' எழுதியது. யார் அந்தக் குற்றவாளி? தினமும் காலையில் பூவும் சூரியனுமாக வருகிற குட்மார்னிங் படங்கள்! அவற்றைப் பொறுக்கி எடுத்து அழிக்க உதவும் வசதியைத் தன் 'ஃபைல்ஸ்' செயலியில் கூகுள் செய்துகொடுத்தது.

ஒரு சூட்சுமம்: குப்பையை எண்ணிக்கை பார்த்துக் கூட்டாதீர்கள், எடை பார்த்துக் கூட்டுங்கள். ஃபைல்களை அளவு வாரியாக வரிசைப்படுத்தினால் மலைமுழுங்கிகள் மேலே வந்து நிற்கும். கல்யாண வீடியோ ரெண்டு தடவை காப்பியாகியிருந்தால், ஒன்றை நீக்கினாலே ஆயிரக்கணக்கான குட்மார்னிங்குகளுக்குச் சமம். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். அதற்கு முன்னால், மிச்சம் இருக்கிற காப்பி நன்றாக ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பச்சைக் குழந்தை காப்பாற்றிய படம்

1998-ல் பிக்ஸார் ஸ்டூடியோவில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ தவறுதலாகக் கொடுத்த ஓர் உத்தரவில், பாத்திரங்கள், காட்சிகள் என்று படத்தின் ஃபைல்கள் மளமளவென்று மறைந்தன. சுமார் 90 சதவிகிதம் காலி! சரி, பேக்கப் இருக்கிறதே என்று பார்த்தால், அதுவும் சரியாக வேலை செய்யவில்லை. அதுவரை அதை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

தொழில்நுட்ப மேற்பார்வையாளர் கேலின் சஸ்மன் அப்போதுதான் குழந்தை பெற்று, வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தின் காப்பி இருந்தது! அதைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து, பிள்ளைத்தாய்ச்சியை அழைத்து வருகிற மாதிரி ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். (பிறகு கதையே பிடிக்காமல் பெரும்பகுதியைத் திரும்பச் செய்தார்கள் என்பது தனிக்கதை!)

பாடம் இரண்டு. ஒரு காப்பி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். தீபாவளிக்குப் போகும்போது தங்கை வீட்டு பீரோவில் ஒரு ஹார்ட் டிஸ்கை வைத்துவிட்டு வரலாம். இரண்டாவது, வைத்த காப்பியை அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். திறக்காத பேக்கப், நம்பிக்கை மட்டும்தான்.

தமிழுக்கு ஒரு தனி எச்சரிக்கை

90-களில் தமிழில் டைப் செய்த ஃபைல்கள் வைத்திருக்கிறீர்களா? அன்று ஒவ்வொரு சாஃப்ட்வேரும் எழுத்துக்குத் தனித்தனி ஏற்பாடு வைத்திருந்தது. அந்த ஃபான்ட் இல்லாமல் திறந்தால், அப்பா எழுதிய சிறுகதை ஆங்கில எழுத்தும் குறியுமாகப் பல்லிளிக்கும். 2010-ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய ஃபைல்களை இப்போதே யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். மூலத்தையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஆயிற்றா? கடைசியாக ஒரு பரீட்சை. பாஸ்வேர்டுகளை ஃபோல்டரில் எழுதி வைக்க வேண்டாம். ஆனால் கம்ப்யூட்டரைத் திறக்கிற பாஸ்வேர்ட், வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். அவரை உட்கார வைத்து, "போன வருஷ இன்ஷூரன்ஸ் ரசீதை எடு" என்று சொல்லிவிட்டு, நீங்கள் அடுத்த ரூமுக்குப் போய்விடுங்கள்.

இரண்டு நிமிஷத்தில் "ஏங்க..." என்று குரல் வந்தால், பெட்டியை மறுபடி அடுக்குங்கள். குரலுக்குப் பதில் ரசீதே வந்துவிட்டால், உடனே ஒரு காப்பி போடுங்கள்.

அந்தக் காப்பி இல்லை ஸார்... டிகிரி காப்பி!