மரபணுவும் மெத்திலும் – 9: பசிக்காலத்துக் கீரை

நெதர்லாந்துப் பஞ்சத்தைச் சென்ற வாரமே பார்த்துவிட்டோம்: 1944-45 குளிர்காலத்தில் கருவானவர்களின் ஐ.ஜி.எஃப்.2 மரபணுவில், அறுபது ஆண்டு கழித்தும், மரபணுவின்மேல் ஒட்டும் வேதிக் குறியான மெத்தில் குறைவு. இந்த வாரம் தகப்பன்மார் பக்கம் போவதாகச் சொல்லியிருந்தேன். காம்பியாவின் கெனெபா கிராமம் வழிமறித்துவிட்டது.

மேற்கு ஆப்பிரிக்காவின் அந்தக் கிராமத்தில் ஆண்டுக்கு ஒரே மழைக்காலம். அந்த மாதங்களில்தான் சென்ற அறுவடையின் தானியம் தீர்ந்துகொண்டு வரும். பெண்களுக்கு வயல்வேலையும் அப்போதுதான் முதுகை முறிக்கும். பசிக்காலம் என்றே அதைச் சொல்கிறார்கள். நெதர்லாந்துக் கணக்குப்படி, மழையில் கருவான பிள்ளைகளுக்கு மெத்தில் குறைந்திருக்க வேண்டும்.

நேர்மாறாக இருந்தது! உச்ச மழையில் கருத்தரித்த 84 தாய்மாரையும் உச்சக் கோடையில் கருத்தரித்த 83 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளியானது. பார்த்த ஆறு மரபணுக்களிலும் மழைக்காலப் பிள்ளைகளுக்கே மெத்தில் அதிகம். காரணம் தேடினால் கீரை வருகிறது. தானியம் குறையும் அதே மாதங்களில் பச்சிலை தாராளம்; தாயின் ரத்தத்தில் ஃபோலேட்டும் பி2 வைட்டமினும் கூடுகின்றன. மெத்திலைத் தயாரிக்க உடலுக்கு வேண்டியவை இவைதாம். வயிறு நிறைந்ததா என்பதோடு எதனால் நிறைந்தது என்பதையும் கரு கணக்கில் எடுக்கிறது. நான் இந்த வாரம் முழுக்க இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு நுட்பம். குழந்தையின் ரத்தத்திலும் பார்த்தார்கள், முடிவேரிலும் பார்த்தார்கள். கருவின் வெவ்வேறு அடுக்குகளிலிருந்து உருவாகும் இரண்டிலும் அதே பருவ வேறுபாடு. அப்படியானால் அந்த அடுக்குகள் பிரியுமுன்பே, கருவான முதல் சில நாட்களிலேயே, மெத்தில் ஒட்டியிருக்க வேண்டும். பழைய மெத்தில் பெரும்பாலும் அழிந்து புதிதாக எழுதப்படும் நாட்கள் அவை. நாள் தள்ளிப்போயிருக்கிறதென்று தாய்க்கே தெரியாத சமயம்.

கெனெபாவில் இதெல்லாம் முடிந்ததற்கு இயன் மெக்ரெகர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரையும் சொல்லவேண்டும். மலேரியா ஆராய வந்தவர். அவர் தொடங்கிவைத்த பிறப்பு இறப்புப் பதிவு அங்கே 1949இலிருந்தே இருக்கிறது.

2014 குழுவில் இருந்த ராபர்ட் வாட்டர்லாண்ட், 2003இல் ராண்டி ஜிர்ட்டிலோடு சேர்ந்து தாயின் உணவு குட்டியின் மெத்திலை மாற்றுமா என்று சுண்டெலிகளில் செய்து பார்த்தவர். தாய்க்கு ஃபோலிக் அமிலம், பி12, கோலின், பீட்டைன் சேர்த்த தீனி கொடுத்ததும், குட்டியின் உரோம நிறத்தை முடிவுசெய்யும் அகூட்டி மரபணுவில் மெத்தில் கூடியது. மஞ்சளாகப் பிறக்கவேண்டிய குட்டிகள் பல பழுப்பாகப் பிறந்தன. மஞ்சள் குட்டி வளர்ந்து கொழுக்கும், பழுப்பு ஒல்லியாக இருக்கும்.

மனிதனுக்கு மெத்தில் கூடினால் நல்லது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. எந்த மரபணுவில் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்தது அது. ஆனால் கர்ப்பம் உறுதியான பிறகுதான் தாயின் சாப்பாட்டைக் கவனிப்போம் என்பது காலம் கடந்த கவனிப்பு. ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்குமுன்பே தொடங்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். குழந்தையின் தண்டுவடக் குறையைத் தடுக்க அவர்கள் சொல்லும் யோசனை அது. கெனெபாவுக்குப் பிறகு எனக்கு அதன் அவசரம் இன்னும் கூடித் தெரிகிறது.

தகப்பன்மாரும் அவர்களுடைய சிகரெட்டும் அடுத்த வாரம்.