வளைந்த கண்ணாடியும் வண்ண ஃபிலிமும்



"நாளைக்குக் கைவேலைப் பொருள் ஒன்று கொண்டுவர வேண்டும்" என்று பிள்ளை இரவு எட்டு மணிக்கு வந்து சொல்வது நம் வீடுகளில் புதிதல்ல. காலியான ஊறுகாய் பாட்டிலை எடுத்து, வண்ண ஃபிலிமைச் சுற்றி, உள்ளே சிறு விளக்கு ஒன்றை வைத்தால் போதும் என்று எண்ணி உட்காருகிறோம். அரைமணி நேரத்திற்குள் ஃபிலிம் எங்கும் சுருக்கங்களும் காற்றுக் குமிழிகளும் நிறைந்துவிடுகின்றன. களைத்து வீடு திரும்பிய நாமும், "உனக்குக் கைவேலையே வராது" என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளை அதை நம்பியும் விடுகிறது.

அந்தச் சொல் நியாயமானதல்ல. பெரும்பாலும் குறை பிள்ளையின் கையில் இல்லை. ஃபிலிமை வெட்டிய வடிவத்தில்தான் இருக்கிறது.

சுருக்கம் ஏன் விழுகிறது?

ஒரு தாளைச் சப்பாத்திக் கட்டையின்மேல் சுற்றிப் பாருங்கள், சுருக்கமின்றிப் படியும். அதே தாளை ஓர் ஆரஞ்சுப் பழத்தின்மேல் சுற்றுங்கள். எவ்வளவு கவனமாகச் சுற்றினாலும் மடிப்பு விழும். தட்டையான தாள் ஒரு திசையில் வளைய இணங்கும். ஒரே இடத்தில் இரு திசைகளிலும் வளைய இணங்காது. நீட்டாமலும் சுருக்காமலும் தட்டையான பரப்பை உருண்டையின்மேல் பொருத்த இயலாது என்பதைக் கணித மேதை காஸ் 1827-ஆம் ஆண்டிலேயே நிறுவினார். உலக உருண்டையைத் தட்டையான வரைபடமாக மாற்றும்போதும் இதே இடர்ப்பாடு உண்டு. ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப்போல் ஏறக்குறைய 14 மடங்கு பெரியது. ஆயினும் மெர்கேட்டர் முறையில் வரைந்த படத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவாய்த் தோன்றுகின்றன.

ஆகவே ஒட்டுவதற்கு முன், உங்கள் கையிலுள்ள பொருள் எவ்வகை வளைவுடையது என்று பாருங்கள்.

மூன்று வடிவங்கள், மூன்று வெட்டுகள்

முதலாவது, மேலும் கீழும் ஒரே சுற்றளவுள்ள பாட்டில். இதற்குச் செவ்வகத் துண்டே போதும். ஒரு நூலால் சுற்றளவை அளந்து, அதே நீளத்திற்கு வெட்டி, ஓரங்கள் ஒன்றையொன்று தொடும்படி ஒட்டுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் அவ்விடம் கறுத்த கோடாய்த் தெரியும். பாதி ஒளியை விடும் ஃபிலிம் இரண்டு அடுக்கானால் கால் பங்கு ஒளியையே விடும் அல்லவா?

இரண்டாவது, வாய் அகன்று அடி குறுகிய கண்ணாடி டம்ளர். இதில் செவ்வகத் துண்டு கோணலாக ஓடிவிடும். டம்ளரை ஒரு பெரிய காகிதத்தின்மேல் படுக்கவைத்து மெதுவாக உருட்டுங்கள். அது நேராகச் செல்லாது, வட்டமிட்டுத் திரும்பும். ஒரு முழுச் சுற்று உருளும்வரை மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் செல்லும் வழியைப் பென்சிலால் குறியுங்கள். விசிறிபோல் கிடைக்கும் அவ்வடிவமே உங்களுக்கு வேண்டிய அளவு.

மூன்றாவது, உருண்டையான கண்ணாடிக் குண்டு. இதற்கு உலக உருண்டை செய்தவர்களின் வழியே சிறந்தது. 1507-இல் வால்ட்ஸேமுல்லர் என்பவர் உலக உருண்டைக்கான படத்தை, நடுவில் அகன்று இருமுனையும் கூரான 12 இலைகளாக அச்சிட்டார். நீங்களும் அப்படியே செய்யலாம். 10 செ.மீ. விட்டமுள்ள குண்டின் சுற்றளவு சுமார் 31.4 செ.மீ. அதை 12-ஆல் வகுத்தால் ஒவ்வோர் இலையின் நடு அகலம் 2.6 செ.மீ.; சுற்றளவில் பாதியான 15.7 செ.மீ. இலையின் நீளம். நடுவிலிருந்து முனையை நோக்கி மூன்றில் இரண்டு பங்கு தூரம் சென்றதும் அகலம் பாதியாக, அதாவது 1.3 செ.மீ. ஆக இருக்க வேண்டும். முதலில் அட்டையில் ஓர் இலையை வெட்டிக்கொண்டு, அதை வைத்து மற்றவற்றை வரையுங்கள். வண்ணங்களை மாற்றி மாற்றி ஒட்டினால் இணைப்புக் கோடுகளே அழகாகிவிடும்.

ஒட்டும் முறை

கண்ணாடியைக் கழுவி எண்ணெய்ப் பசையின்றித் துடையுங்கள். ஒரு தூசி இருந்தாலும் அதைச் சுற்றிக் குமிழி நிற்கும். தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில சொட்டுகள் கலந்து கண்ணாடியின்மேல் தாராளமாகத் தெளியுங்கள். ஃபிலிமின் பின்தாளை உரித்ததும் பசையுள்ள பக்கத்திலும் தெளியுங்கள். சோப்பு நீர் இருக்கும்வரை பசை உடனே பிடிக்காது. ஃபிலிமை நகர்த்திச் சரிசெய்யலாம். அவசரப்பட்டு உலர்ந்த கண்ணாடியில் ஒட்டுவோருக்கு இந்த வாய்ப்பு இல்லை.

பின்பு மெல்லிய துணி சுற்றிய பழைய ஏ.டி.எம். அட்டையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீரைத் தள்ளுங்கள். ஓரங்களில் சிறு தூக்கல் இருந்தால், ஹேர் டிரையரின் இளஞ்சூட்டைக் காட்டி விரலால் அழுத்துங்கள். சற்று மங்கலாய்த் தெரிந்தால் கலங்க வேண்டாம். உள்ளே எஞ்சிய ஈரம் சில நாட்களில் உலர்ந்துவிடும். மும்பை போன்ற நகரங்களின் மழைக்காலத்தில் இன்னும் சற்று நாளாகும்.

கவனம் தேவை

பிளேடும் ஹேர் டிரையரும் பெரியவர்கள் கையிலேயே இருக்கட்டும். ஈரக்கையால் மின்கருவியைத் தொடாதீர்கள். விளிம்பு உடைந்த கண்ணாடியைப் பயன்படுத்தாதீர்கள். ஃபிலிம் பிளாஸ்டிக்கினால் ஆனது. ஆகவே உள்ளே மெழுகுவர்த்தியோ, சூடேறும் பழைய குண்டு பல்போ வைக்கக் கூடாது. பேட்டரியில் எரியும் சிறு எல்.இ.டி. விளக்கே போதும்.

இவ்வளவும் அறிந்தபின், அடுத்த முறை ஃபிலிம் சுருங்கினால் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். "வா, எவ்விடத்தில் வளைவு மாறுகிறது என்று பார்ப்போம்" என்று அருகில் அழைத்து உட்காருங்கள். வெட்டுவதை நீங்கள் செய்தாலும், அளப்பதையும் ஒட்டுவதையும் பிள்ளையே செய்யட்டும். ஓர் இலை கோணலாகிப் போனால் என்ன? உரித்துவிட்டு மீண்டும் ஒன்றை வெட்டிக்கொள்ளலாம். பிள்ளையின் மனதில் ஒட்டிக்கொண்ட கடுஞ்சொல்லை உரித்தெடுப்பது அவ்வளவு எளிதல்ல.